திருவொற்றியூர் வரை வராத மாநாட்டுப் பேருந்து

வடசென்னைக் கடற்கரைக்குப் போக வழி கேட்டு எனக்கு எழுதுகிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை: கன்டெய்னர் லாரிகளை நம்பி நேரம் குறிக்காதீர்கள். போன வெள்ளிக்கிழமை ஒரு சர்வதேச மாநாடே அப்படிக் குறித்து ஏமாந்தது.

கிண்டியில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் மூன்று நாள் பருவநிலை மாநாடு. மொழிபெயர்க்கப் போயிருந்தேன். பல நாட்டு அதிகாரிகள், வங்கிக்காரர்கள், ஒன்றிரண்டு அமைச்சர்கள். கியோட்டோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தப் பத்து வருஷமாக இவர்கள் ஊர் ஊராகக் கூடுகிறார்கள். புகையை முதலில் யார் குறைப்பது, செலவு யார் தலையில் என்பதுதான் எல்லா ஊரிலும் சண்டை. ஒத்துவராத வாசகத்தை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அது அவர்கள் பழக்கம். கடைசி நாள் ஒரே வாசகம்தான் அப்படி மிச்சம்: கடலோர மக்களைக் கேட்காமல் அவர்களை இடம் மாற்றக் கூடாது. சரி, அந்த மக்களையே ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று திருவொற்றியூர்க் குப்பம் ஒன்றுக்குப் பேருந்து ஏற்பாடானது.

மதியம் ஒன்றேகாலுக்குக் கிளம்பினோம். ராயபுரம் தாண்டி, காசிமேட்டில் நின்றோம். நின்றோம் என்றால் நின்றோம்தான்! துறைமுகத்துக்குள் போகக் காத்திருந்த லாரி டிரைவர்கள் வண்டிக்கடியில் சாவகாசமாகச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து, எங்களோடு வந்த வெளிநாட்டுக் குழுத் தலைவிக்கு போன் வந்தது. அந்த வாசகத்தையே தூக்கிவிட ஹோட்டலில் எதிரணி கூடிவிட்டதாம். கடலோர மக்களுக்கான வாசகத்தைக் காப்பாற்ற, கடலோர மக்களைப் பார்க்காமலே பேருந்தைத் திருப்பச் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். குப்பத்தில் காத்திருப்பவர்களிடம் என்னை மட்டும் போய் விஷயத்தைச் சொல்லிவிடச் சொன்னார்.

"ஒக்காருக்கா, உள்தெருவுல பூந்து போய்க்கலாம். அறுவது ரூவா குடு" என்றார் ஆட்டோக்காரர். ஐந்து கிலோமீட்டருக்கு நியாயமான கூலி.

கடலை ஒட்டிய கடைசி வீடு ஸ்டெல்லாவுடையது. மீன் விற்கிறவர். பின்சுவர் ஏற்கெனவே போயிருந்தது. கடல் வீட்டைத் தொட்டதும் கதவையும் வாசக்காலையும் கழற்றிவிடுவது இந்தக் குப்பத்து வழக்கம். அடுத்துக் கட்டும் வீட்டுக்கு ஆகும். ஸ்டெல்லா கழற்றவில்லை. வெளிநாட்டு விருந்தினர் பார்க்கட்டும், வீடு அப்படியே இருக்கட்டும் என்று மாநாட்டு ஏற்பாட்டாளர்கள் கேட்டிருந்தார்கள். அன்று அமாவாசை. அலை ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா, வர்றாங்களா இல்லியா? டக்குனு சொல்லு. இன்னொரு அலை உள்ள பூந்துச்சுன்னா அல்லாம் பூடும்."

பேருந்திலேயே பக்குவமான மன்னிப்பு ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தேன். "வரமாட்டாங்க" என்று மட்டும் வந்தது.

"வரேன்னா வா, வர்லேன்னா சொல்லு! உங்களுக்கோசரம் கதவ வெச்சிக்கினு காலைலேந்து பேஜாரா நிக்கிறேன்."

கத்திக்கொண்டே கடப்பாரையை எடுத்தார். எனக்கும் கோபம், அவர் மீதல்ல. ஆட்டோக்காரரும் நானும் பிடிக்க, கதவு கழன்றது. வாசக்காலை அசைத்தபோது சுவர் சாய்ந்தது. கதவோடு ஓடினோம். வாசக்கால் சுவரோடு கடலுக்குள் போயிற்று.

மாலை ஹோட்டலில் கைதட்டல். அடைப்புக்குறி நீங்கி, வாசகம் தீர்மானத்தில் ஏறிவிட்டது. இப்படிக் கூட்டங்களே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வாசகம் தேவைதான். மக்கள் என்ன சொன்னார்கள் என்று தலைவி கேட்டார். ஸ்டெல்லா சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அவர் முகம் சிவந்தது. விமானம் நாளைச் சாயங்காலம்தான், காலையில் கூட்டிப்போ என்றார்.

இந்த முறை என் வழி. நீங்களும் இப்படியே போங்கள்: சென்னை கடற்கரை ரயில் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி ரயில், திருவொற்றியூரில் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோ. எந்த லாரியும் குறுக்கே வராது. வெயிலுக்கு முன் போய்விடுங்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும்.

ஸ்டெல்லா தலைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

"வூடு நேத்தே பூட்ச்சும்மா. கதவு கீது, அக்கா வூட்டாண்ட எடுத்துகினு போவணும். அந்தப் பக்கம் புடி."

மொழிபெயர்க்க நான் வாயைத் திறப்பதற்குள் தலைவி குனிந்து கதவைப் பிடித்துவிட்டார்.