டிரைவரின் இடது கை

அந்த டிப்போவில் அவருக்குப் பெயர் 'பொறுமை'. எதிரே வருகிறவன் வாய்க்கு வந்தபடி திட்டினாலும் சிரித்துக்கொண்டே வழிவிட்டுப் போகிற பஸ் டிரைவரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? மகளைக் கட்டிக்கொடுத்துப் பேரன் எடுத்த பிறகும், ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் மனுஷன் புது மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்காருவார்.

சர்க்கரை நோய் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேர்ந்தது. கிளினிக்கில் அவருடைய இடது கைச் சதையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வில்லையை ஒட்டிவிட்டார்கள். அது சர்க்கரையை அளந்து அவர் போனுக்கும், மனைவி போனுக்கும், வெளியூரில் இருக்கும் மகள் போனுக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். அளவு இறங்கினால் மூன்று போனும் ஒரே நேரத்தில் அலறும். போதாக்குறைக்குத் தினமும் காலையில் 'இன்று நடந்தீர்களா?' என்று கிளினிக்கிலிருந்து ஒரு செய்தி வேறு. 'இல்லை, பஸ் ஓட்டினேன்' என்று இவர் பதில் போடுவார். அதை யார் படித்தார்களோ!

வம்பு மத்தியானத்தில்தான் ஆரம்பித்தது. சாப்பிட்டுவிட்டு டிப்போ ஓய்வறை பெஞ்சில் அவர் கண்ணயர்ந்தால் போதும், போன் கத்தும். கண்டக்டர் ஜூஸ் பாட்டிலோடு ஓடிவந்து, எழுப்பி உட்காரவைத்துக் குடிக்கவைப்பார். மனைவி போனில், "என்னங்க, பேசுங்க, ஏதாவது பேசுங்க!" என்பாள். மகள் அந்தப் பக்கம் அழுவாள். "எனக்கு ஒண்ணும் இல்லைம்மா, நல்லாத் தூங்கிட்டிருந்தேன்" என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்? மீதி ஜூஸைக் குடித்தே கண்டக்டர் தொப்பை வளர்த்தது தனிக் கதை.

டாக்டர் திரையில் ஓடிய கோட்டைப் பார்த்தார். தினமும் மத்தியானத்தில் கிணற்றில் விழுந்த மாதிரி ஒரு சரிவு.

"மாத்திரையைக் குறைக்கிறேன். ஆனா இது ஏன்னு தெரியிற வரைக்கும் நீங்க பஸ் ஓட்டக் கூடாது. பின்னால அத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க இல்லையா?" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் இன்னும் அதிகமாக வலித்தது.

டிப்போவில் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலையில் உட்காரவைத்தார்கள். தன் பஸ்ஸின் சாவியை இன்னொருத்தர் கையில் வைத்துவிட்டு, அது கேட்டைத் தாண்டும் வரை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். இனி ஸ்டியரிங் தொடாமலே வேலையை முடித்துக்கொள்ள வேண்டியதுதானா? வீட்டில் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே வளையவந்தார். சிரித்துவிட்டால் தெரியாமல் போய்விடுமா என்ன? தட்டில் வைத்ததை அவர் அளைந்துகொண்டிருப்பதை மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கிளினிக் நர்சிடம் அவள்தான் போய்ப் புலம்பினாள். "அடுத்த தடவை அலறினா உடனே எனக்கு வீடியோ கால் போடுங்கம்மா" என்றாள் நர்ஸ்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம், அவர் வீட்டு சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தபோது போன்கள் அலறின. மனைவி உடனே நர்சை வீடியோவில் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், மறுபடியும் இறங்கிடுச்சு!"

"போனை அவர் பக்கம் திருப்புங்க. வில்லை எங்கம்மா? கண்ணுலயே படலையே?"

"அது அவருக்கு அடியில மாட்டிட்டிருக்கு."

"முதல்ல விரல்ல குத்தி மிஷின்ல பாருங்க."

குத்தியதும் "ஐயோ!" என்று துள்ளி உட்கார்ந்தார். மிஷினில் சர்க்கரை சரியாகவே இருந்தது. நர்ஸ் சிரித்தே விட்டாள்.

"ஐயாவுக்கு ஒண்ணும் இல்லை. வில்லை ஒட்டின கை மேலயே படுத்திருக்கார். சதை அமுங்கினா அது குறைச்சுத்தான் காட்டும். எப்பவும் இந்தப் பக்கந்தானா?"

அவர் அசடு வழிந்தார். "ஆமா சிஸ்டர். டிப்போல இடது பக்கம் ஒருக்களிச்சாதான் ஜன்னல் வழியா என் பஸ் தெரியும். அதே பழக்கம் வீட்டுலயும் வந்துடுச்சு."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பஸ்ஸைப் பார்த்துக்கிட்டேதான் தூக்கம் வருமா உங்களுக்கு? நான் இங்க செத்துப் பிழைச்சிட்டிருக்கேன்!"

வில்லை வலது கைக்கு மாறியது. மாத்திரை பழைய அளவுக்குப் போனது. பிறகு எத்தனை நாள் பார்த்தும் அந்தச் சரிவைக் காணோம். "நான் கோட்டைப் பார்த்தேன், தூங்குற ஆளைப் பார்க்கலை" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, பஸ் ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

மறுபடியும் வண்டி எடுத்த காலையில், இரண்டாவது நிறுத்தத்தில் மனைவி ஏறினாள். இத்தனை வருஷத்தில் அவர் ஓட்டும்போது அவள் ஏறியதே இல்லை. மார்க்கெட்டுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். மார்க்கெட் வந்தது, கதவு திறந்தது, கூடைக்காரர்கள் எல்லோரும் இறங்கினார்கள். அவள் மட்டும் அசையவில்லை. அவர் கண்ணாடியில் பார்த்தார். அவள் முகமெல்லாம் சிரிப்பு, கண்ணிலோ தண்ணீர்.

"மார்க்கெட் வந்தாச்சே, இறங்கலையா?"

"கடைசி நிறுத்தம் வரைக்கும் வர்றேன். நீங்க ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க."