சங்கு ஊதினாலும் எழுவதில்லை

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அப்பாவைப் போலவே ஆவடி ஃபேக்டரியில் வேலை. தூசி பட்டாலே மூச்சிரைக்கும். டாக்டர் அந்தத் தூசியையே மருந்தாக்கி வாராவாரம் ஊசி போட்டார். "உன் ரத்தத்துல டி செல்னு காவல்காரங்க இருக்காங்கப்பா. தூசியை எதிரின்னு நினைச்சு ஊரையே கூட்டுறாங்க. கொஞ்சங்கொஞ்சமாக் காட்டிப் பழக்கணும். ஊசி சில சமயம் ஒத்துக்காது, போட்டதும் அரை மணி நேரம் இங்கேயே உக்காரு" என்றார்.

ஒருநாள் ஊசிக்காக வேலைக்குத் தாமதமாக வர அனுமதி வாங்கியிருந்தேன். ஆனாலும் ஊசி போட்டதுமே ஃபேக்டரிச் சங்கு ஊத, ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் அந்தச் சத்தத்தோடே வளர்ந்த கால்கள் தானாக எழுந்துவிட்டன. சைக்கிளை வேகமாக மிதித்தேன். உள்ளங்கை அரித்தது. சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் தண்ணீருக்குள் நிற்பதுபோல் அசைந்தன. பயமே இல்லை, வெயிலில் மிதப்பதுபோல் சுகமாக இருந்தது.

எதிரே பைக்கில் வந்த நண்பன் சேகர் கத்தினான்: "இன்னா மாமே, மூஞ்சி பூரி மாதிரி உப்பிக்கீது! பின்னால குந்து, டாக்டராண்ட போலாம்!"

அங்கே டாக்டர் மாற்று மருந்தாக இன்னொரு ஊசி போட்ட பிறகுதான் அடைத்த தொண்டை திறந்தது.

இப்போதெல்லாம் ஊசி போட்டதும் சங்கு ஊதினாலும், அரை மணி நேரம் கிளினிக் பெஞ்சை விட்டு எழுவதில்லை. ஜன்னல் வெயிலில் தூசி பொன்னாக மிதக்கிறது. என் காவல்காரர்கள் அதோடு மெல்லப் பழகட்டும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.