ஆள்காட்டிக்கு ஒரு பார்க்கிங்

லாயாங் லாயாங் என்ற சிற்றூரில் உச்சி வெயில். சாலையோர ஒட்டுக்கடைக்கு முன்னால், சரளைக்கல் தரையில், ஓர் ஆள்காட்டிக் குருவி தன் முட்டைகளுக்குச் சிறகால் நிழல் பிடித்து நிற்கிறது. வெப்பத்தில் அலகு திறந்தே இருக்கிறது. கேமராவை எடுக்கிறேன். பக்கத்திலேயே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, படத்தைக் கெடுக்கிறது.

"அக்கா, இந்த நாற்காலியக் கொஞ்சம் நகர்த்தலாமா?"

கடைக்கார அக்கா வடைச்சட்டியிலிருந்து நிமிர்கிறார். "அலமாக், தொடாதீங்க! எடுத்தா லோரிக்காரன் பார்க் பண்ணிருவான். முட்டை வெச்சிருக்காங்க இல்ல, அவங்களுக்குப் பிடிச்சு வெச்ச இடம் லா அது."

குருவி சட்டென்று பறந்து சாலையோர வாய்க்காலில் இறங்குகிறது. வயிற்று இறகை நனைத்துக்கொண்டு ஓடிவந்து, சொட்டச் சொட்ட முட்டைகளின்மேல் அமர்கிறது. ஈரத்தால் முட்டையைக் குளிரவைக்கும் இந்த வித்தையைப் பார்க்கத்தான் வந்தேன்.

அப்போது ஒரு லோரி உள்ளே திரும்புகிறது. ஹாரன் அலறியும் குருவி பதிலுக்குக் கத்துகிறதே தவிர, எழுந்திருக்கவில்லை. ஓட்டுநர் நாற்காலியைப் பார்க்கிறார். நாற்காலி போட்ட இடத்துக்கு இந்த ஊரில் யாரும் சண்டைக்கு வருவதில்லை. வண்டியைப் பின்னால் எடுத்து, தூரத்தில் போய் நிறுத்துகிறார்.

நான் இரண்டடி தள்ளிப்போய், குருவியோடு நாற்காலியும் முழுதாக வரும்படி படம் எடுக்கிறேன்.