மாப்பிள்ளைக்கு டிராக்டர் இருக்கிறதாமே

போன மாதம் ஒருவர் போனில் என்னைப் பொய்யன் என்றார்.

அந்தப் பட்டம் எனக்குப் புதிதல்ல. இத்தனை வருடமாகப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு அது அவ்வப்போது தபாலிலேயே வரும். ஆனால் இந்த முறை சொல்லப்பட்ட காரணம்தான் புதிது. மாப்பிள்ளைப் பையனுக்கு விவசாயம் இருப்பதை நான் மறைத்துவிட்டேனாம்.

இல்லாத நிலத்தை இருப்பதாகச் சொல்லிப் பெண் கேட்டவர்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். இருக்கும் நிலத்தை மறைத்துப் பெண் கேட்டதாகத் திட்டு வாங்கியவன்... அநேகமாக நான் ஒருவன்தான்.

விஷயத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளைப் பையன் தினகரன். என் மனைவி கோமதியின் அண்ணன் மகன். எங்களுக்குத் தினா. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் கம்பெனியில் மெயின்டெனன்ஸ் டெக்னீஷியன். பர்மனென்ட். அப்பா பஸ் கண்டக்டராக இருந்து காலமாகிவிட்டார். மண்ணூரில் மாடியில் ஒற்றை ரூம் வைத்த சின்ன வீடு. அதில் அவனும் அவன் அம்மா வசந்தாவும். ஆகவே, பெண் பார்க்கும் பொறுப்பு அத்தை வீட்டுக்காரனான என் தலையில் விழுந்தது.

தரகர் ஏகாம்பரம் ஒரு வரன் கொண்டுவந்தார். பெண் பெயர் ரேவதி. சுங்குவார்சத்திரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். அப்பா முனுசாமி, அதே பக்கத்தில் ஒரு கிராமத்தில் விவசாயம் செய்கிறவர்.

"ஒரே ஒரு கண்டிஷன்தான் சார். மாப்ள வூட்ல விவசாயம் இருக்கக் கூடாது" என்றார் ஏகாம்பரம்.

"அவரே விவசாயிதானேங்க?"

"அதனாலதான் சார்."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கண்டக்டர் குடும்பம். நிலம் என்ன, வாசலில் ஒரு துளசிச் செடிகூடக் கிடையாது. தைரியமாகச் சொல்லி அனுப்பினேன் — விவசாயத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று.

முனுசாமி அதோடு விடவில்லை. பெண்ணைப் பெற்றவர், விடுவாரா? மண்ணூருக்குப் போய் டீக்கடையில் விசாரித்திருக்கிறார். அங்கிருந்து வந்தவுடன்தான் அந்தப் போன்.

"சார், நான் ரேவதி அப்பா பேசறேன். பையன் வூட்ல டிராக்டர் கீதாமே?"

அவர் எதைச் சொல்கிறார் என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் வாயில் வந்தது வேறு.

"இருக்குங்க. ஆனா..."

"ஒண்ணா, ரெண்டா?"

"நெறைய இருக்குங்க. எல்லாமே சின்னதுதான்."

"மினி டிராக்டரா? அதுவும் டிராக்டர்தான சார்."

"அதைவிடச் சின்னதுங்க."

"பவர் டில்லரா?" என்றார்.

"இல்லைங்க. எல்லாம் மாடி ரூம்ல ஷெல்ஃபுல இருக்கு."

அவ்வளவுதான். "மாடில எப்படி சார் டிராக்டர் ஏறும்? என்னை இன்னான்னு நெனச்சிகினு பேசறீங்க? அறுவட மெஷின்கூட கீதுன்னு கடைக்காரன் சொல்றான். பொய் சொல்லிப் பொண்ணு கேக்கறீங்களே சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

டீக்கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் சொன்னது எல்லாமே உண்மை. டிராக்டர் இருக்கிறது. அறுவடை மெஷின் இருக்கிறது. நடவு மெஷின், வைக்கோல் கட்டும் மெஷின், டிரெய்லர், ரோட்டவேட்டர்... எதுவுமே பாக்கியில்லை. எல்லாம் உள்ளங்கையில் நிற்கிற சைஸ் என்பதை மட்டும் கேட்டவரும் கேட்கவில்லை, சொன்னவரும் சொல்லவில்லை.

தினாவின் மாடி ரூமில் கட்டில் கிடையாது. சுவரிலிருந்து சுவர் வரை ஒரு பலகை. அதன் மேல் ஒரு முழுப் பண்ணை. களிமண் வரப்பு. கண்ணாடி போல் இறுகும் ரெசின் ஊற்றிய வயல் — எட்டிப் பார்த்தால் நிஜமாகவே தண்ணீர் நிற்கிற மாதிரி இருக்கும். பெயின்ட் பிரஷ்ஷின் முடியைச் சாயம் ஏற்றி நட்ட நாற்று. பம்ப்செட் கொட்டகை, கரன்ட் கம்பம், கம்பத்தில் தையல் நூல் மின்கம்பி. வண்டிகளில் பாதி, வெளிநாட்டு மாடல்கள். ஆன்லைனில் தேடித் தேடி வாங்கியவை. மீதியெல்லாம் நம் ஊரில் ஓடுகிறவை. அவற்றை யாரும் பொம்மையாகச் செய்து விற்பதில்லை என்பதால், பிளாஸ்டிக் ஷீட்டிலும் ரீஃபில் ஸ்பிரிங்கிலும் இவனே செய்வான்.

எதற்காக? சத்தியமாக எனக்குத் தெரியாது. அவன் வயலில் இறங்கிப் பார்த்ததில்லை. இறங்கவும் ஆசையில்லை. "சேறு எனக்கு ஒத்துக்காது மாமா, அரிக்கும்" என்பான். பிறகு எதற்கடா இதெல்லாம் என்றால், "புடிக்கும் மாமா" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

வயலை விட்டு ஷிஃப்டுக்கு ஓடுகிறவர்கள் நிறைந்த ஊர் இது. இவன் ஷிஃப்ட் முடிந்து, டிரெஸ் மாற்றி, அவசர அவசரமாக வயலுக்கு ஓடி வருகிறான். இதை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

போன் வந்த அன்று சாயங்காலமே அவன் வீட்டில் கூடினோம். வசந்தா ஒரேயடியாகக் கலங்கிப்போயிருந்தாள். நல்ல பெண், நல்ல வேலை, கை நழுவிப் போகிறதே என்ற பயம். "எல்லாத்தையும் அட்டப் பொட்டில போட்டு லாஃப்ட்ல ஏத்திடலாம். கல்யாணம் முடிஞ்சி எடுத்துக்கட்டும்" என்றாள். கோமதியும் தலையாட்டினாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

தினா மட்டும் அசையவில்லை.

"மறைச்சோம்னு அவர் சொல்றாரு. இப்ப மறைச்சா அவர் சொன்னது உண்மையாய்டும்ல மாமா?"

முனுசாமியைக் கூப்பிட்டு, "நேர்ல வந்து பாருங்க. பார்த்துட்டு அப்புறம் திட்டுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார்கள். முனுசாமி, அவர் மனைவி கன்னியம்மா. கூடவே ரேவதியும். பெண்ணை அழைத்து வருவது வழக்கமில்லையே என்று நான் விழித்தபோது, "நானும் பாக்கணும்னு சொன்னா சார், கேக்க மாட்டேங்கிறா" என்றார் முனுசாமி. கோபம் தீராத முகம். காபியைத் தொடவில்லை. நேராக மாடிக்குப் போகலாம் என்றார்.

கன்னியம்மா படியேறியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்பக்கம் வளைந்துபோன முதுகு. கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினார்.

ரூமுக்குள் நுழைந்த முனுசாமி அப்படியே நின்றுவிட்டார். பலகையைச் சுற்றி ஒரு முறை நடந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அப்பாடா, பொம்மைதானா என்று நிம்மதியடைவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் முகத்தில் பயம்தான் தெரிந்தது.

"இதெல்லாம் எதுக்கு தம்பி?"

"சும்மாதாங்க. புடிக்கும்."

"நெலம் கிலம் வாங்கற ஐடியாவா?"

"இல்லங்க."

"பின்ன எதுக்கு?"

தினா என்னைப் பார்த்தான். நான் கரன்ட் கம்பத்தைப் பார்த்தேன்.

முனுசாமி என் பக்கம் திரும்பினார். "சார், தப்பா நெனச்சிக்காதீங்க. நெசமாவே நெலம் இருந்தாகூட வித்துட்டு வாங்கன்னு சொல்லிடுவேன். ஆச இருந்தா இன்னா சார் பண்றது? இன்னிக்கு பொம்ம. நாளைக்கி ரெண்டு காணி வாங்கி என் பொண்ண சேத்துல எறக்கிட்டா?" சொல்லிவிட்டு மனைவியைக் காட்டினார். "இவள பாருங்க. நட்டு, களை எடுத்து, குனிஞ்ச முதுகு அப்படியே நின்னுகிச்சி. டாக்டரு இனிமே நிமிராதுன்ட்டாரு. இவ பொண்ணுக்கு அது வேணாம்னுதான் சார் இவ்ளோ அலையறேன்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க முடியாது. அதே நேரம், ரீஃபில் ஸ்பிரிங்கில் டிராக்டர் செய்கிற பையனை அதற்காகத் தண்டிப்பது என்ன நியாயம்?

கன்னியம்மா இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. பலகையின் ஓரத்தில் நடவு மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஓடுமா தம்பி?"

தினா ஸ்விட்சைத் தட்டினான். குட்டி மோட்டார் முனகியது. மெஷின் வயலில் மெதுவாக நகர்ந்தது. பின்னால் இருக்கும் கைகள் மேலும் கீழும் போய் வந்தன. நிஜமாக நடாது; நடுவது போல அசையும், அவ்வளவுதான். வரப்பு வந்ததும் நின்றது.

"இன்னொரு வாட்டி ஓட்டு."

ஓட்டினான். அவர் பார்த்தார். மறுபடி கேட்டார். மறுபடி ஓட்டினான். அந்த அம்மாவின் முகத்தில் என்ன இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. சிரிப்பா, கேலியா, வருத்தமா... எதுவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் ரேவதி முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"அந்த அறுவட மெஷின கைல எடுத்துப் பாக்கலாமா?"

இந்த மாதிரிச் சேகரிப்புக்காரர்களை உங்களுக்குத் தெரியுமா? சொத்தை எழுதிக் கொடுப்பார்கள். தொட விடமாட்டார்கள். அதிலும் அந்த அறுவடை மெஷின், தினா ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து, ஷீட்டை வெட்டி வெட்டிச் செய்தது. அத்தையான கோமதியே அதைத் தொட்டதில்லை. தினா அவள் கையைப் பார்த்தான். கொஞ்சம் யோசித்தான்.

"எடுங்க. அடியில புடிச்சி எடுங்க."

ரேவதி அடியில் பிடித்துத்தான் எடுத்தாள். குவாலிட்டி செக்கிங் கண்கள் இல்லையா, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்னால் இருக்கும் கதிர் வெட்டும் உருளையை விரலால் சுற்றிவிட்டாள். அது சுற்றியது. இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்றினாள்.

டக்கென்று ஒரு சத்தம். உருளை கழன்று தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது.

முனுசாமி, "இன்னாம்மா நீ..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். வசந்தா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் தினாவையே பார்த்தோம்.

அவன் குனிந்து இரண்டு துண்டுகளையும் பொறுக்கினான். "பரவால்லங்க. இது ஏற்கெனவே லூசா இருந்துச்சி. நானே மாத்தணும்னு இருந்தேன்" என்றான்.

லூசாக எல்லாம் இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எவ்வளவு டைட்டாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள் மாமா என்று பெருமையடித்துக்கொண்டான்.

"நெஜமாவா?" என்றாள் ரேவதி.

"நெஜமாதாங்க. நீங்க கைய வச்சதுனால இப்பவே தெரிஞ்சிச்சி. இல்லன்னா ஓடறப்ப உடைஞ்சிருக்கும்."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு மெஷினை அடியில் பிடித்தபடியே பலகையில் வைத்தாள்.

கீழே இறங்கும்போது கன்னியம்மா, "நல்லாத்தான் கீது" என்றார். எது? நடவு மெஷினா? வீடா? பையனா? திரும்பிக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. ஆறிப்போன காபியை முனுசாமி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்.

அந்த வாரம் முழுக்கப் போன் வரவில்லை. போச்சு என்றே முடிவு செய்துவிட்டோம். வசந்தா மகனிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். தினா வழக்கம்போல ஷிஃப்ட் முடிந்து வந்து, புது உருளை செய்ய உட்கார்ந்துவிட்டான். வருத்தமா என்று கேட்டேன். "தெரியல மாமா" என்றான். அந்தப் பதிலுக்கு நான் என்ன செய்ய?

அடுத்த வாரம் முனுசாமி கூப்பிட்டார்.

"சார், பொண்ணு சரின்னுட்டா."

என் காதையே நம்ப முடியவில்லை. "நீங்க?" என்றேன்.

"எனக்கு இன்னும் ஒண்ணும் வெளங்கல சார். பொண்ணக் கேட்டா, 'புடிச்சிருக்குப்பா, விடு'ங்கறா. அவ அம்மாவக் கேட்டா, 'நம்ம பொண்ணு உடைச்சிட்டா, அந்தப் புள்ள மூஞ்சி மாறல. அது போதும்'ங்கறா. இதெல்லாம் ஒரு காரணமா சார்? நீங்க படிச்சவரு, சொல்லுங்க."

சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா?

"ஒண்ணு மட்டும் எழுதாத குறையா சொல்லிடுங்க சார். நெலம் வாங்கக் கூடாது. பொம்ம எவ்ளோ வேணா வாங்கிக்கட்டும்" என்றார். தினாவிடம் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணம் நிச்சயமானதற்கா, பொம்மைக்கு அனுமதி கிடைத்ததற்கா என்று இதுவரை தெரியவில்லை.

தை மாதம் கல்யாணம். பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று. ஆனாலும் மனசு அடங்குவேனா என்கிறது. வயலே வேண்டாம் என்கிற அப்பா. வயலில் இறங்கியறியாத, ஆனால் வயலே கதியென்று கிடக்கும் மாப்பிள்ளை. மெஷினைப் பார்க்க வந்து, அது உடைந்ததைப் பார்த்துப் பெண் கொடுக்கும் அம்மா. எதுவும் எதோடும் ஒட்டவில்லையே?

"எதுவுமே சரியாப் புரிஞ்சிக்காம ஒரு கல்யாணத்த முடிவு பண்ணிட்டோமோன்னு இருக்கு கோமதி" என்றேன்.

கோமதி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"புரிஞ்சிக்கிட்டுத்தான் கழுத்த நீட்டணும்னா, நான் இன்னும் எங்க அம்மா வீட்லதான் இருந்திருப்பேன்."