பரஸ்தானம் வைத்த கைப்பை

தொண்ணூறுகளின் முதல் பாதியில் நான் ஆகாயத்தில்தான் குடியிருந்தேன் என்றால் மிகைதான். ஆனால் ரொம்ப மிகை இல்லை. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் வேலை. ஜப்பானிலிருந்து இயந்திரம் தருவிப்பார்கள். கப்பலில் ஏற்றுவதற்கு முன் அது சரியாக ஓடுகிறதா என்று நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். கிழக்குத் தாம்பரத்தில் வீடு, சிங்கப்பூரில் ஓர் இரவு, பிறகு ஜப்பான். திரும்பவும் சிங்கப்பூரில் ஓர் இரவு, திரும்பவும் கிழக்குத் தாம்பரம். இப்படியே வருஷங்கள்.

பழகிப்போயிருக்க வேண்டும். பழகவில்லை. ஒவ்வொரு தடவையும் வாய் பிளந்துதான் போனேன், வாய் பிளந்துதான் வந்தேன்.

அடிக்கடி பறப்பதால் விமானக் கம்பெனி எனக்கு ஒரு வெள்ளி நிற அட்டை கொடுத்திருந்தது. அதைக் காட்டினால் ஒரு கண்ணாடிக் கதவு திறக்கும். அந்தப் பக்கம் லவுஞ்ச். கதவு பின்னால் மூடிக்கொண்டதும் உலகத்தின் இரைச்சல் குழாயைத் திருகி அடைத்தாற்போல் நின்றுவிடும். கம்பளம் காலடியை விழுங்கிவிடும். பெரிய பெரிய மனிதர்கள் ஷூவைக் கழற்றிவிட்டுக் குழந்தைகள் மாதிரி சோபாவில் தூங்குவார்கள். முதல் தடவை ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, யாராவது பில்லோடு வருவார்கள் என்று விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அப்பால் விமானங்கள், செம்பாக்கம் ஏரியில் இறங்கிய எருமைகளைப் போல அவசரமே இல்லாமல் நகர்ந்துகொண்டிருந்தன.

ஓட்டல் இன்னொரு அதிசயம். விமானம் மாறுவதற்கு நடுவில் இரவு விழுந்துவிட்டால் அந்த இரவைக் கழிக்க விமானக் கம்பெனியே அறை கொடுக்கும். படுக்கை விரிப்பை அப்படி இழுத்துச் செருகியிருப்பார்கள், உறைக்குள் கடிதம் நுழைவது போல நாம் உள்ளே நுழைய வேண்டும். ஜன்னல் திறக்காது. காற்றுக்கு வாசனை கிடையாது. நேற்று இந்தத் தலையணையில் தலை வைத்தவன் எந்தக் கடலைத் தாண்டி வந்தானோ, நாளை வைக்கப்போகிறவன் இந்நேரம் எந்த மேகத்துக்கு மேலே இருக்கிறானோ. நடுவில் நான், தாம்பரத்துக்காரன், வெள்ளைத் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதை நனைக்கலாமா கூடாதா என்று யோசித்தபடி.

இதையெல்லாம் ஊர் திரும்பியதும் மனைவியிடம் சொல்வேன். அவள் சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர். பருவக்காற்றையும் பெருங்கடலையும் கரும்பலகையில் வரைந்து வரைந்து விரல் நுனியெல்லாம் சாக்பீஸ் ஏறியவள். விமானத்தில் ஏறியதில்லை. வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போது மேலே விமானம் போனால் சத்தம் அடங்கும் வரை பாடத்தை நிறுத்திவிட்டு நிற்பாளாம். தாம்பரத்துப் பள்ளிக்கூடங்களில் அது வழக்கம்.

"எனக்கு ஊரெல்லாம் சுத்திக் காட்ட வேணாம்," என்றாள் ஒரு நாள். "மேல போய் ஒரு தடவை பாக்கணும். நீங்க தங்கற அந்த ஓட்டல்ல ரெண்டு நாள் இருக்கணும். அவ்ளோதான்."

பறந்த தூரத்துக்கெல்லாம் விமானக் கம்பெனி புள்ளி போட்டு வைத்திருந்தது. அது சேர்ந்து சேர்ந்து சிங்கப்பூருக்கு ஓர் இலவச டிக்கெட்டாக வந்தது. அவள் பெயருக்கு எழுதச் சொன்னேன். எனக்குத் தனியாக ஒன்று வாங்கிக்கொண்டேன். அவளுடைய டிக்கெட்டுக்கு அந்தக் கோடை விடுமுறையோடு ஆயுசு முடிகிறது. அதற்குள் அதில் இடம் கிடைத்தது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை, பகல் விமானத்தில். அந்த நாளை விட்டால் டிக்கெட் வெறும் காகிதம்.

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். விமானத்தைப் பிடிக்க வேண்டுமானால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது சரியாக அதற்குள்.

இதற்கெல்லாம் என் மனைவியிடம் வழி உண்டு. பரஸ்தானம் வைப்பது. நல்ல நேரத்திலேயே நம் சாமான் ஒன்றைக் கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் கிளம்பினாலும், போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டால் போதும். எனக்காக அவள் வைப்பதெல்லாம் ஒரு துணிப்பை, உள்ளே ஒரு கைக்குட்டை, ஒரு சீப்பு. எதிர் வீட்டில்தான் வைப்பாள். எதிர் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் ஷிஃப்ட் வேலை. அவர் மனைவியை இவள் அக்கா என்பாள். அவர்கள் இவளை டீச்சர் என்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே அவள் எதிர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். வந்ததும் வீட்டு முன்கதவை வெளியே பூட்டிவிட்டு, சந்து வழியாகச் சுற்றிப் பின்கதவால் உள்ளே நுழைந்தாள்.

"எதுக்கு இது?"

"கிளம்பியாச்சுன்னா முழுசா கிளம்பியாச்சுன்னு இருக்கணும்."

சாஸ்திரப்படி நாங்கள் போய்விட்டோம். உடம்பு மட்டும் பின்கட்டில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தது.

டாக்சி வந்து நின்றதும் நான் வழக்கம் போல, "பாஸ்போர்ட், டிக்கெட்," என்றேன்.

"உங்களுது உங்க பையில. என்னுது பரஸ்தானத்துல."

"அதுக்குள்ள ஏன் வெச்ச?"

"சீப்பும் கைக்குட்டையுமா போகுது? போறது பாஸ்போர்ட்தானே. கைப்பையோட வெச்சுட்டேன்."

தர்க்கத்தில் ஓட்டை தெரியவில்லை. தெருவைக் கடந்தோம். எதிர் வீட்டில் பூட்டு தொங்கியது.

அவள் பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இழுத்துப் பார்த்தாள். டாக்சி டிரைவர் ஹாரன் அடித்தார். அப்போது தெருமுனையில் கீரைக்கட்டோடு அந்த அக்கா வந்தாள். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா டீச்சர், நீங்க இன்னும் போவலியா?"

"பையை எடுக்காம எப்படிக்கா போவேன்?"

"வூடு பூட்டிக் கீதே. எங்க வூட்டுக்காரரு டூட்டி முடிஞ்சு வந்தாரு, உங்க வூட்டப் பாத்தாரு, பூட்டு. இங்க வந்து பாத்தா பை கீது. டீச்சர் பைய மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு ஸ்கூட்டர எடுத்துகினு ஏர்போர்ட்டுக்கே போயிட்டாரு. சாவியத் தெருமுனையில என் கையில குடுத்துட்டுப் போறாரு மனுஷன்."

சிரிப்பும் அழுகையும் எங்கே பிரிகின்றன என்று தெரியாத ஒரு சத்தம் என் மனைவியிடமிருந்து வந்தது. டாக்சியில் ஏறினோம்.

ஜிஎஸ்டி ரோட்டில் குரோம்பேட்டை வரை வண்டி பறந்தது. பல்லாவரத்தில் நின்றது. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை. ஆட்டுக்குட்டி, புறாக்கூண்டு, பழைய தையல் மிஷின், ரோஜாச் செடி, எல்லாம் ரோட்டுக்கு வழிந்துவிட்டிருந்தன. ஒருவர் இரும்புக் கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் வண்டிக்கு முன்னால் நிதானமாக நடந்தார். வலது பக்கத்து மலைக்கு மேலே ஒரு விமானம் தாழ்ந்து இறங்கியது. என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது இறங்கறது," என்றேன். "நம்மளுது இல்ல."

"தெரியும்," என்றாள். "இருந்தாலும் பாக்க முடியல."

விமான நிலைய வாசலில் எதிர் வீட்டுக்காரர் காவலரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். டூட்டி உடை, தோளில் என் மனைவியின் பூப்போட்ட கைப்பை.

"சொன்னா கேளு சார். அந்தம்மா உள்ள போயிட்டாங்க, பாஸ்போர்ட் இங்க கீது."

"பாஸ்போர்ட் இல்லாம உள்ள போச்சுன்னா மொதல்ல என்னைத்தான்யா வேலைய விட்டுத் தூக்கணும்," என்றார் காவலர். எங்களைப் பார்த்ததும் எதிர் வீட்டுக்காரர் பையைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"இன்னா டீச்சர், வெளிய வந்துட்டீங்களா?"

பையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினோம்.

கவுண்ட்டரில் இருந்த பெண் என் அட்டையைப் பார்த்துவிட்டு மரியாதையாகச் சொன்னாள். "சார், உங்க கார்டுக்காக ஒரு சீட் பிடிச்சு வெச்சிருக்கோம். மேடத்தோடது பாயிண்ட்ஸ் டிக்கெட். லேட் ஆனதால அந்த சீட்டைக் கொடுத்துட்டோம். ஃப்ளைட் ஃபுல்."

"அந்த ஒரு சீட்டை இவங்களுக்குக் குடுங்க. நான் நாளைக்கு வரேன்."

அந்தப் பெண் யாரையோ கூப்பிட்டுக் கேட்டாள். அவர் இன்னொருவரைக் கேட்டார். கடைசியில் சரி என்றார்கள். மனைவி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தனியாவா? வேணாம். இன்னொரு நாள் ரெண்டு பேருமா போலாம்."

"இன்னொரு நாள் கிடையாதும்மா. இன்னிக்கு விட்டா டிக்கெட் போச்சு."

அவள் எதிரே இருந்த கன்வேயர் பெல்ட்டைப் பார்த்தாள். யாருடைய பெட்டிகளோ அதில் ஏறி ரப்பர் திரைக்குப் பின்னால் மறைந்துகொண்டிருந்தன. இத்தனை வருஷம் நான் கற்றதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்ல ஆரம்பித்தேன்: எந்தப் பலகையைப் பார்த்துத் திரும்புவது, சீட் பெல்ட்டை எப்படிப் போடுவது, காது அடைத்தால் என்ன செய்வது.

"ஓட்டல் பேரை மட்டும் எழுதிக் குடுங்க," என்றாள். "மத்ததைக் கேட்டுக்கறேன். வாய் இருக்குல்ல."

போனாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு. திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை.

எதிர் வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். திரிசூலம் ஸ்டேஷன் பக்கம் அவரே வண்டியை ஓரங்கட்டினார். இரண்டு பேரும் ரோட்டோரத்தில் அண்ணாந்து நின்றோம். முதலில் சத்தம். அது காதால் கேட்கிற சத்தம் இல்லை, நெஞ்செலும்புக்குள் வருவது. பிறகு அந்த வெள்ளை வயிறு, சக்கரங்களை உள்ளே இழுத்துக்கொண்டே, எங்கள் தலைக்கு மேலாக ஏறியது. எத்தனையோ தடவை அதற்குள் உட்கார்ந்து போயிருக்கிறேன். என்னுடைய ஆளை உள்ளே வைத்துக்கொண்டு அது போவதை வெளியே நின்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

"அதுலதான் சார் டீச்சரா?"

"ஆமா."

"அவ்ளோ வெய்ட்டு எப்டி சார் மேல போவுது?"

நான் எஞ்சினீயர். பதில் தெரியும். அந்த நேரத்தில் பதில் சின்னதாகத் தோன்றியது.

"தெரியலண்ணா," என்றேன்.

மறுநாள் நானும் பறந்து போய்ச் சேர்ந்தேன். ஓட்டல் அறைக் கதவைத் தட்டியதும் அவள் திறந்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வது போல, "வாங்க," என்றாள். கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. துண்டை நனைத்துக் காயப்போட்டிருந்தாள். லிஃப்ட்டில் ஏறி இறங்கியதைப் பற்றி, காலையில் சாப்பிட்டதைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நேராக அதற்கு வந்தாள்.

"நேத்து சாயங்காலம் விமானம் ஒரு பக்கமா சாஞ்சு திரும்புச்சு. கீழ பஞ்சு பஞ்சா மேகம். அதுமேல நம்ம விமானத்தோட நிழல், சின்னதா, கூடவே ஓடி வருது. அந்த நிழலைச் சுத்தி வானவில். பாதி இல்ல. முழு வட்டம்." இரண்டு கையாலும் காற்றில் வட்டம் போட்டாள். "வானவில்னா வில்லுதான்னு எத்தனை பசங்களுக்குப் போர்டுல போட்டுக் காட்டியிருக்கேன். வட்டம்ங்க. இதை நீங்க சொல்லவே இல்லியே."

"நான் பாத்ததில்ல."

"இத்தனை வருஷமாவா?"

"போறதெல்லாம் ராத்திரி. உக்கார்றதும் நடைபாதை ஓரம். எழுந்து போக வசதி."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கேலி இருந்தது. இரக்கமும் கொஞ்சம் இருந்தது. டீயை என் கையில் கொடுத்தாள்.

"திரும்பிப் போறது?"

"ராத்திரிதான்."

"மாத்த முடியுமா?"

போனை எடுத்து விமானக் கம்பெனியைக் கூப்பிட்டேன். பகல் விமானத்தில் இரண்டு ஜன்னல் சீட் வேண்டும் என்றேன். அந்தப் பக்கத்துப் பெண் தேடிப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பக்கத்திலேயே இரண்டு இருக்கிறது, அதில் ஒன்று ஜன்னல், சேர்ந்து உட்காரலாமே என்றாள். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியிடம் கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

ஒருவர் பின்னால் ஒருவராகத் தரச் சொன்னேன்.