கூண்டு மீனும் வெள்ளைத் துண்டும்

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்று கேட்பார்கள். நீந்தவெல்லாம் வேண்டாம், சாகாமல் கிடந்தால் போதும் என்று அந்தக் கோடை முழுக்க வேண்டிக்கொண்டிருந்தேன் நான்.

பசுமலையில் டீச்சராக இருந்தவள், வேலையை விட்டுவிட்டு, வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் என் கணவருடைய ஊரில் மீன் பண்ணை வைக்க வந்திருந்தேன். வீட்டுக்குப் பின்னால் வெட்டிய குட்டைகளில் ஜிலேபி மீன் குஞ்சுகளை விட்டு, கொஞ்சம் தேறியதும் ஊர்க் கண்மாயில் மிதக்கும் கூண்டுகளுக்கு மாற்றுவோம். நீல டிரம்களின் மேல் இரும்புச் சட்டம், அதிலிருந்து தண்ணீருக்குள் தொங்கும் வலை. கூண்டு என்றால் அவ்வளவுதான். ஊர்க்கூட்டத்தில் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் வைத்தோம். அந்த மீன் நல்லபடியாகக் கரை ஏறினால் பண்ணை நிற்கும். இல்லையென்றால் நான் மறுபடியும் பள்ளிக்கூடங்களின் வாசலில் போய் நிற்க வேண்டும்.

எல்லாம் யோசித்த நாங்கள் திருவிழாவை யோசிக்கவில்லை. பல வருஷமாகக் கண்மாய் வற்றாததால் மீன்பிடித் திருவிழா என்ற ஒன்று இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. கண்மாய் வற்றும் வருஷத்தில் ஊர் கூடி நாள் சாட்டும். அன்றைக்குச் சாமி கும்பிட்டு, கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் சுற்றுப்பட்டுச் சனம் மொத்தமும் வலையும், மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் மூங்கில் ஊத்தாவுமாக இறங்கி அள்ளும். பிடித்ததை விற்கக் கூடாது, குழம்பு வைத்துத்தான் தின்ன வேண்டும். நாள் சாட்டிவிட்டால், வெள்ளை வீசும்வரை ஒரு மீன்கூடக் கரை ஏறக் கூடாது.

அந்தக் கோடையில் கண்மாய் வற்றத் தொடங்கியது. மீன் இன்னும் கொஞ்சம் எடை கூடட்டும் என்று நாங்கள் காத்திருந்தபோதே நாள் சாட்டிவிட்டார்கள். அத்தனை சனம் இறங்கிச் சேற்றைக் கலக்கினால் மற்ற மீன் தப்பி ஓடும். கூண்டுக்குள் இருப்பது எங்கே ஓடும்? மூச்சு முட்டித்தான் சாகும்.

இருவரும் ஊர்ப் பெரியவர் வீட்டுக்குப் போனோம். மீனைக் குட்டைக்கு மாற்ற ஒரே ஒரு காலைப்பொழுது கேட்டோம்.

"சாட்டுன பெறகு வலையத் தொட்டா சாமி குத்தமாயிரும்" என்றார் அவர். "வெள்ளை வீசுன பெறகு எம்புட்டு வேணும்னாலும் அள்ளிக்கங்க."

"அதுக்குள்ள செத்துருமேய்யா" என்றார் என் கணவர்.

பெரியவர் தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "இந்த வருசம் வெள்ளைய நீங்க வீசுங்க தம்பி" என்றார்.

என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். எனக்கு அது ஏன் என்று புரிந்தது, அதனாலேயே பயமாக இருந்தது. அவருடைய அப்பா வயல்கூலி. அவர் காலத்தில் இவர்கள் தெருக்காரர்கள் கரையிலேயே நிற்க வேண்டும். ஊர் பிடித்து முடித்துக் கலங்கிப்போன தண்ணீரில் மிச்சத்தைத் தேடிக்கொள்ளலாம். அப்படி நின்றவருடைய மகன் கையில்தான் இப்போது துண்டைக் கொடுக்கிறார்கள். பெரியவர் பெரிய மனசோடு சொன்னாரா, வாயை அடைக்கச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "துண்டு உங்க கையில. நீங்க வீசாம ஒருத்தரும் எறங்க முடியாது. மொதல்ல கூண்டக் காலி பண்ணணும், அப்பத்தான் வீசுவேன்னு சொல்லுங்க."

"அப்படிச் சொன்னா, குடுத்த எடத்துல மடத்தப் புடுங்குறான்னு சொல்லுவாங்க டீச்சர்." கோபம் வந்தால்தான் அவர் என்னை டீச்சர் என்பார். "எங்கப்பா எங்க நின்னாருன்னு ஒனக்குத் தெரியாது."

"ஒங்கப்பா மீன் வளக்கல" என்றேன். சொல்லியிருக்கக் கூடாதுதான். அவர் சோற்றைத் தொடாமல் எழுந்து போனார்.

திருவிழா அன்று கரை கொள்ளாத கூட்டம். வெள்ளைத் துண்டோடு அவர் மடைமேல் நின்றார். பக்கத்துத் தண்ணீரில்தான் எங்கள் நீல டிரம்கள். ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்தார். வேண்டாம், வேண்டாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் கையை உயர்த்தி வீசினார்.

எல்லாத் தெருவும் ஒன்றாக இறங்கியது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, ஊத்தாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி எல்லோருக்கும் முன்னால் ஓடியது என் மாமியார். வாயெல்லாம் பல்லாக ஒரு சிரிப்பு. அத்தை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என் கைகள் தட்டிக்கொண்டிருந்தன. அது எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

கலங்கல் கூண்டுகளை எட்ட அதிக நேரம் ஆகவில்லை. சட்டத்தின்மேல் ஏறிக் கூடையால் அள்ளினோம். அள்ள அள்ள, மேலே வந்து வாயைப் பிளந்த மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாந்தன. உயிரோடு குட்டைக்குப் போய்ச் சேர்ந்தது கொஞ்சம்தான்.

மறுநாள் காலையில் தென்னைகளுக்கு நடுவே குழி வெட்டிச் செத்த மீனைக் கொட்டினோம். அவர் மண்வெட்டியை ஊன்றி நின்று, "வீசாம இருந்திருக்கணுமோ?" என்று கேட்டார்.

ஆமாம் என்ற பதிலை எப்போதோ தயாராக வைத்திருந்தேன். அதற்குள் அத்தை வந்துவிட்டார். கையில் தூக்குவாளி. தான் பிடித்த கெளுத்தியைக் குழம்பு வைத்து, ஆறுவதற்குள் மகனுக்குக் கொண்டு வந்திருந்தார். குழியைப் பார்த்ததும் அந்த முகம் சுருங்கிவிட்டது. வாளியைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"குடுங்கத்தை" என்று வாங்கிக்கொண்டேன். கணவரிடம், "வெயில் ஏறுது, மண்ணத் தள்ளுங்க. சாப்பிடணும்" என்றேன்.