ஆழ்வாப்பிள்ளையின் முந்திரிகைப் பந்தல்

ஆழ்வாப்பிள்ளைக்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தையில் வெங்காயம் நிறுக்கிற வேலை. தராசு முள் மயிரிழை சரிந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். தன்னிடம் ஒரு பிழை இருந்தால் மட்டும் கண் தெரியாது. ஐம்பத்திரண்டு வயதுவரை ‘நான் செய்தது பிழை’ என்று அவர் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

எழுபத்திரண்டாம் ஆண்டளவில் அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தி வெளிநாட்டுப் பழங்களின் வரத்து நின்றுபோக, ஊரில் வீட்டுக்கு வீடு முந்திரிகைப் பந்தல் எழும்பியது. புத்தகத்தில் திராட்சை என்று எழுதுவார்கள்; எங்களுக்கு அது முந்திரிகைதான். ஆழ்வாப்பிள்ளைக்கும் ஆசை பிடித்தது. வீட்டு வளவில் நல்ல வெயில் விழும் இடத்தில் நின்றதோ அவர் மனைவி இரத்தினம்மாவின் முருங்கை. அவளை ஒரு வார்த்தை கேட்காமல் தறித்து விழுத்தினார். தடித்த கொப்புகளை வீணாக்குவானேன் என்று அவற்றையே ஆறு பந்தல்காலாக நட்டு, மேலே கம்பி இழுத்தார். இந்த மூளைக்கு என்ன சொல்வது!

கலியாணமாகி வந்த முதல் கிழமையே அவள் தன் கையால் நட்ட மரம். இரத்தினம்மா விம்மி விம்மி அழுதாள்.

“உந்த முருங்கைக்கோ அழுகிறாய்? என்ரை பழம் புளிச்சுதெண்டால் வேறை முருங்கை நட்டுத் தருவன். வேலியடியிலை நிண்டு ‘நான் மடையன்’ எண்டு மூண்டு தரம் சொல்லுவன்!”

“அதைச் சாமியறையிலை வந்து சொல்லுங்கோ.”

வீறாப்பில் கற்பூரம் கொளுத்திச் சத்தியமும் செய்துவிட்டார்.

பிறகென்ன, ஆட்டெருவும் மீன் கழுவிய தண்ணீருமாகக் கொடிக்கு ராச உபசாரம். இரத்தினம்மாவும் அரிசி கழுவிய தண்ணீரை நாள் தவறாமல் பந்தலடியில் கொண்டுவந்து ஊற்றினாள். மனுசி வழிக்கு வந்துவிட்டாள் என்று அவருக்கு உள்ளூரப் புளுகம்; சந்தோசம் தாங்கவில்லை. அவள் ஊற்றியது கொடிக்கல்ல, பந்தல்கால்களுக்கு என்பதை அவர் கவனிக்கவில்லை.

ஒரு மாதத்தில் ஆறு கால்களும் துளிர்த்தன. வேறு யாருமென்றால் உடனே கிள்ளி எறிந்திருப்பார்கள். ஆழ்வாப்பிள்ளையோ பக்கத்து வளவுத் தில்லைநாதனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“பாரும், என்ரை எருவுக்குப் பந்தல்காலே துளிர்க்குது. கொடி எப்பிடிக் காய்க்குமெண்டு யோசியும்!”

“அண்ணை, இது தழைச்சு நிழல் விழுந்தால் பழம் இனிக்காது,” என்றார் தில்லைநாதன்.

“பொறாமை,” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார் இவர்.

அடுத்த வருசம் கொடி குலை தள்ளியது. முதல் பழத்தை வாயில் போட்ட ஆழ்வாப்பிள்ளைக்கு ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. சத்தியம் நினைவுக்கு வந்தது. “தேன்!” என்றார். இரத்தினம்மா உடனே இன்னொரு குலை பிடுங்கிக் கொடுத்தாள். அதையும் தின்றார். பல் கூசிக் கூசி, பத்து நாளாகச் சோற்றைக்கூட மெல்ல முடியவில்லை.

தில்லைநாதனுக்கும் ஒரு குலை போனது. அவர் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

“அண்ணை, புளிக்குது.”

“புளிக்குதெண்டு நரிதான் சொல்லும்!”

“நரி எட்டாமல் சொன்னது. நான் திண்டுபோட்டெல்லோ சொல்லுறன்!”

பல் கூச்சம் தீர்ந்த ஒரு மத்தியானம் இரத்தினம்மா முருங்கைக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். ஆழ்வாப்பிள்ளை இரண்டாந்தரமும் சோறு போடச் சொன்னார்.

“கறி நல்லாயிருக்கு. புளி அளவா விட்டிருக்கிறாய்.”

“புளி விடேல்லை. உங்கடை பழத்தைத்தான் பிழிஞ்சு விட்டனான்.”

கவளம் பாதி வழியில் நின்றது.

“முருங்கைக்காய்?” என்றார் ஈனக் குரலில்.

“அதுவும் உங்கடை பந்தலிலைதான் பிடுங்கினது. ஒரு மரத்தைத் தறிச்சு ஆறு மரம் நட்டுத் தந்திருக்கிறியள். அது தீர்ந்துது. மற்றது?”

அவர் கை கழுவினார். முகத்தைத் துடைத்தார். வேலியடிக்குப் போய், இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டு மூன்று தரம் சொன்னார்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தில்லைநாதன் கேட்டார்:

“மூண்டாவது வடிவாக் கேக்கேல்லை அண்ணை. ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ!”